கம்பெனி ஏன் வருகிறது, ஏன் போகிறது?



வழக்கமாக நான் உங்களோடு பேசுவது நெல்லுக்கு மேலுரம், கடலைக்கு ஜிப்சம், கத்தரியில் காய்ப்புழு என்றுதான் இருக்கும். இன்றைக்குச் சுங்க வரி, நாடுகளுக்கிடையே வர்த்தக ஒப்பந்தம் என்று ஆரம்பிக்கிறேன். "இவருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஆடி மாதம். பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயில் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேப்பிலைக் கட்டுகளைத் தாண்டி, ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆரணி ஆற்றை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர். "சார், அரை ஏக்கர்ல குண்டுமல்லி வைக்கலாம்னு பதியன் சொல்லி வச்சிட்டேன். இப்ப தரகர் ஒருத்தர் வந்து, வெளிநாட்டுக் கம்பெனி வரப்போவுது, ரெண்டு வருசத்துல நெலம் நாலு மடங்கு வெலை போவும், மல்லியெல்லாம் வைக்காதேங்கிறார். வைக்கிறதா, வேணாமா?" என்று கேட்டார்.

மல்லி ஒரு முறை வைத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்று பூக்கும் பயிர். ஆகவே அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. மண் எப்படி, வடிகால் எப்படி என்று நான் கேட்டேன். தரகர் பேச்சை நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் விடவில்லை. "சரி சார், கம்பெனிக்காரன் எதைப் பார்த்து ஒரு ஊருக்கு வர்றான்? அதைச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விவசாயப் பட்டப்படிப்பில் இதெல்லாம் பாடம் இல்லை. அதன் பிறகு தேடிப் படித்துச் சேர்த்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நிலம், தண்ணீர், கரண்டு, ரோடு, துறைமுகம் என்று நாம் எல்லோரும் சொல்வோம். உண்மைதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட் இருக்கிறது, கல்கத்தா நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சில வருஷங்களில் கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன. சில வருஷங்களில் ஈ காக்கை வரவில்லை. வந்ததில் சில மூட்டை கட்டிப் போய்விட்டன. ரோடும் துறைமுகமும் அதே இடத்தில்தானே இருந்தன? அப்படியானால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

அது என்ன என்றால், வரப்பின் உயரம்.

வெளிநாட்டுச் சரக்கின் மேல் போடுகிற இறக்குமதி வரியை ஒரு வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்பு உயரமாக இருந்தால் வெளியே இருக்கிறவன் சரக்கு உள்ளே பாயாது. நம் சந்தையில் விற்க வேண்டுமானால் அவன் வரப்பைத் தாண்டி உள்ளே வந்து ஆலை போட்டாக வேண்டும். வரப்பை வெட்டிவிட்டால், அவன் தன் ஊரிலேயே செய்து இங்கே பாய்ச்சிவிடுவான். இன்னொரு விஷயமும் உண்டு. முழுச் சரக்குக்கு ஒரு வரப்பு, அதைச் செய்யும் பாகத்துக்கும் மூலப்பொருளுக்கும் வேறொரு வரப்பு. இந்த இரண்டில் எது உயரம், எது தாழ்வு என்பதைத்தான் முதல் போடுகிறவன் முதலில் பார்க்கிறான். வர்த்தக ஒப்பந்தம் என்பது, இந்த வரப்பை இந்த உயரத்துக்கு மேல் கட்டமாட்டோம் என்று நாடுகள் ஒன்றுக்கொன்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

இது புதிய சங்கதி இல்லை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஹெர்குலிஸ் சைக்கிள் வைத்திருந்திருப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷ் சரக்குக்கு இங்கே தனி மரியாதை. 1932-ல் கனடா நாட்டு ஒட்டாவா நகரில் போட்ட ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு மற்ற நாட்டுச் சரக்கைவிட 10 சதவீதம் வரி குறைவு. அப்படியிருக்க அவன் எதற்கு இங்கே வந்து ஆலை கட்டவேண்டும்? சுதந்திரம் வந்தது. அந்நியச் செலாவணி போதாத நாடு, கண்டதை இறக்குமதி செய்ய முடியாது என்று தடை போட்டார்கள். உடனே கதை மாறியது. 1949-ல் பர்மிங்ஹாம் கம்பெனி ஒன்று முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலையைத் தொடங்கியது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்ததும் இதே வழியில்தான். அவர்களுக்கு நம்மேல் திடீர்ப் பாசம் வந்துவிடவில்லை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே வந்தால்தான் வியாபாரம்.

இதற்கிடையில் 1947-ல் ஜெனீவாவில் 23 நாடுகள் சேர்ந்து 'காட்' என்ற பொது ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் அதில் ஒன்று. வரப்புகளைக் கூடிய மட்டும் தாழ்த்த வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு உள்ள ஏழை நாடு இறக்குமதிக்குத் தடை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டே ஐம்பது வருஷம் ஓட்டினோம்.

1991-ல் அந்நிய முதலுக்குக் கதவு திறந்தது. முதலுக்குத்தான் திறந்தார்கள், சரக்குக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். கார் ஆலை வைக்க வரலாம், ஆனால் காரை நினைத்தபடி கப்பலில் கொண்டுவந்து இறக்க முடியாது. அந்த நாளில்தான் ஃபோர்டு மறைமலை நகருக்கு வந்தது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. நம் திருவள்ளூருக்குப் பக்கத்திலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ல் ஜப்பான்காரர்களின் மிட்சுபிஷி லான்சர் கார் வெளிவந்தது. 1997-ல் அரசாங்கம் இன்னொரு நிபந்தனையும் போட்டது. மூன்று வருஷத்துக்குள் பாகங்களில் 50 சதவீதமும், ஐந்து வருஷத்துக்குள் 70 சதவீதமும் உள்நாட்டில் வாங்க வேண்டும், பாகம் இறக்குமதி செய்கிற மதிப்புக்கு ஈடாக ஏற்றுமதியும் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர்ப் பக்கம் பாகம் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் பெருகியதில் இந்த நிபந்தனைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் 1995-ல் 'காட்' போய் உலக வர்த்தக அமைப்பு வந்துவிட்டது. அதன் விதிப்படி, உள்ளூர்ப் பாகத்தைத்தான் வாங்கு என்று ஆலைக்காரனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வழக்குப் போட்டன. 2001-ல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. நிபந்தனையைக் கைவிட்டோம். இறக்குமதித் தடை பற்றி அமெரிக்கா போட்ட இன்னொரு வழக்கில் 1999-லேயே தோற்றிருந்தோம். அதனால் 2001 ஏப்ரல் 1-ந் தேதியோடு மீதியிருந்த 715 சரக்குகளின் தடையும் நீங்கியது. பால் பவுடர் வருமோ, தேங்காய் வருமோ என்று நம் ஆட்கள் அன்றைக்குப் பயந்தது நினைவிருக்கும். ஆனாலும் தடை போன இடத்தில் வரி நின்றது. முழுக் காருக்கு 60 சதவீத வரியும், பாகத்துக்கு அதைவிடக் குறைந்த வரியும் வைத்தார்கள். ஆகையால் கார் ஆலைகள் உடனே கிளம்பிப் போய்விடவில்லை.

டி.வி. பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தாய்லாந்தோடு 2003-ல் ஓர் ஒப்பந்தம் செய்து, 82 சரக்குகளுக்கு 2004 செப்டம்பரிலிருந்து வரியைக் குறைத்துக்கொண்டே வந்து இரண்டு வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். சோனி கம்பெனி அரியானாவில் நடத்திவந்த டி.வி. ஆலையை அந்த 2004-லேயே மூடிவிட்டு, தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து விற்க ஆரம்பித்தது. ஆக, ஒப்பந்தம் போட்டால் முதலீடு வரும் என்பது பாதி உண்மைதான். எந்தக் கரைக்கு வரும் என்பது வரப்பைப் பொறுத்தது.

இதைவிட வேடிக்கையான கதை ஒன்று உண்டு. கடலை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் செய்த சரக்கு, அதன் மதிப்பில் 35 சதவீதமாவது அங்கே சேர்ந்திருந்தால், வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ இந்தியாவுக்குள் வரலாம். நம் ஊரில் அப்போது மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வரும் பாமாயிலுக்கு வரி ஏறிக் கிடந்தது. கடலை, எள், கடுகு போடும் விவசாயியைக் காப்பாற்றத்தான் அந்த வரி. இலங்கையிலோ பாமாயிலுக்கு வரி குறைவு. நம் ஊர் வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். கொழும்புக்குப் போய் வனஸ்பதி ஆலைகளைக் கட்டினார்கள். குறைந்த வரியில் பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக உறையவைத்து, டின்னில் அடைத்து, வரியே இல்லாமல் இங்கே அனுப்பினார்கள். இலங்கைக்கு அது அந்நிய முதலீடு. பேப்பரில் பெருமையாகத்தான் எழுதியிருப்பார்கள். செம்பிலும் இதே வித்தை நடந்தது. கொஞ்ச காலம் இலங்கை இந்தியாவுக்கு அனுப்பிய சரக்கில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான்.

இங்கே வனஸ்பதி ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டதில், வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று அளவு வைத்தார்கள். பிறகு 2008 ஏப்ரலில் விலைவாசி ஏறிவிட்டதென்று இந்திய அரசே கச்சா சமையல் எண்ணெய் வரியைப் பூச்சியம் ஆக்கிவிட்டது. இங்கேயே வரி இல்லை என்றால் கொழும்புக்குப் போய்ச் சுற்றி வருவானேன்? அந்த வியாபாரம் படுத்துவிட்டது. எந்த வரியைத் தாண்டுவதற்காக ஆலை கட்டினார்களோ, அந்த வரி போனதும் ஆலைக்கு வேலை இல்லை. இதில் கடலைக்காரருக்கு வரி இருந்தபோதும் பாதுகாப்பு கசிந்தது. வரி போனபோது மொத்தமாகவே போனது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு கதையில் கம்பெனி வருவதன் காரணமும் இருக்கிறது, போவதன் காரணமும் இருக்கிறது.

இனி நமக்குத் தெரிந்த செல்போனுக்கு வருவோம்.

1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தது. கம்ப்யூட்டர், டெலிபோன் கருவிகள், அவற்றின் பாகங்கள் ஆகியவற்றுக்கு வரியே வேண்டாம் என்று பல நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1997-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2005-க்குள் வரியைப் படிப்படியாகப் பூச்சியம் ஆக்குவதாக ஒப்புக்கொண்டது. வரப்பு கணக்குப்படி பார்த்தால் செல்போன் ஆலை இங்கே வந்திருக்கவே கூடாது. ஆனால் 2006-ல் பின்லாந்து நாட்டு நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலையைத் திறந்தது. எப்படி? முழுப் போனுக்கு மட்டுமல்ல, பாகத்துக்கும் வரி இல்லை. ஆகவே பாகத்தை எங்கிருந்தும் கொண்டுவரலாம், கோர்த்து எங்கேயும் அனுப்பலாம். செல்போன் வாங்குகிறவர் கூட்டம் இங்கே மாதத்துக்கு மாதம் பெருகிக்கொண்டிருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, மாநில அரசு வரியைத் திருப்பிக் கொடுக்கும் சலுகை, படித்த பிள்ளைகள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பது, எல்லாம் சேர்ந்துகொண்டது.

நம் திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய பெண் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பாகம் செய்யும் கம்பெனிகளும் சுற்றி வந்தன. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அப்போது என்னிடம் குறைப்பட்ட விவசாயிகள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளையே அந்தப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரி பூச்சியமாக இருக்கிற இடத்தில் ஒரு கம்பெனியைக் கட்டிவைக்கக் கயிறு கிடையாது. சலுகையும் சந்தையும் இருக்கிறவரை இருக்கும். 2013-ல் வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. 2014-ல் மாநில அரசு 2,400 கோடி கேட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை நான் தீர்க்க முடியாது. கேட்க வேண்டிய வரியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே சமயத்தில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய சென்னை ஆலையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டது. 2014 நவம்பர் 1-ந் தேதி இங்கே உற்பத்தி நின்றது. வியட்நாமில் அவர்களுக்கு இன்னொரு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே செய்த போன் இங்கே வந்தாலும் சுங்க வரி பூச்சியம்தான். ஆகவே ஆலையை மூடினாலும் சந்தை கைவிட்டுப் போகாது. இதுதான் சிங்கப்பூரில் போட்ட கையெழுத்தின் இன்னொரு பக்கம். அந்த 8,000 பேரில் எத்தனை பேர் அந்த ஊரின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

பிறகு அரசாங்கம் யோசனையை மாற்றியது. 2017 ஜூலையில் முழுப் போனுக்கு 10 சதவீத வரி, டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 சதவீதம் என்று மளமளவென்று வரப்பை உயர்த்தினார்கள். உற்பத்தி செய்கிறவனுக்கு ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான் ஆப்பிள் போன்களைச் செய்ய ஆரம்பித்தது. மூடிய நோக்கியா வளாகத்துக்கும் வேறு கம்பெனி வந்தது.

ஆனால் எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்று இருக்கிறதே! ஜப்பான், ஐரோப்பிய யூனியன், தைவான் மூன்றும் 2019-ல் வழக்குப் போட்டன. பூச்சியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வரி போடலாமா என்று கேட்டன. இன்றைய ஸ்மார்ட்போன் 1996-ல் இல்லாத சரக்கு, அந்தப் பட்டியலில் சேராது என்று நம் தரப்பு வாதாடியது. 2023 ஏப்ரலில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. நாம் மேல்முறையீடு செய்தோம். இதில் ஒரு வேடிக்கை. அந்த மேல்முறையீட்டு அமர்வுக்கு நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பரிலிருந்தே அது செயல்படவில்லை. நம் ஊர் கோர்ட்டில் வாய்தாவாவது கிடைக்கும். அங்கே வாய்தா கொடுக்கவும் ஆளில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த வரி 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இதுவரை சொன்னது வரப்புக் கணக்கு. வர்த்தக ஒப்பந்தத்தில் இன்னொரு பகுதி உண்டு. அது முதல் போட்டவனுக்குப் பாதுகாப்பு. இதைச் சொல்லும்போது இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஒரகடம், இன்னொன்று நமக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி தாலுகாவில் தேர்வாய்கண்டிகை.

ஒரகடத்தில் நிசான், ரெனோ கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய கார் ஆலை. 2008-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம், 2010-ல் ஆலை திறப்பு. ஆலை போட்டால் இன்ன இன்ன வரியைத் திருப்பித் தருவோம் என்று அரசு சொல்லியிருந்தது. அதில் பெரும் பாக்கி இருக்கிறது என்று நிசான் 2016-ல் பிரதமருக்கே நோட்டீஸ் அனுப்பியது. இந்தியாவும் ஜப்பானும் 2011-ல் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில், முதலீட்டாளருக்குத் தகராறு வந்தால் உள்ளூர் கோர்ட்டுக்குப் போகாமல் சர்வதேச நடுவர் முன்னால் நாட்டையே நிறுத்தலாம் என்று இருக்கிறது. அதைக் கையில் எடுத்து 2017-ல் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். கேட்டது 5,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநில அரசு கொடுத்த வாக்கு, டில்லி அரசு போட்ட ஒப்பந்தம், வெளியூரில் விசாரணை. கடைசியில் 2020-ல் சமரசமாக முடிந்தது.

தேர்வாய்கண்டிகைக்கு வாருங்கள். அங்கே சுமார் 1,100 ஏக்கர் பொது நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தார்கள். கிராமத்தார், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், தலைமுறையாக மாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், ஏரிக்கு வரும் ஓடைத் தண்ணீரை நம்பியும் அனுபவித்துவந்த இடம் அது. பட்டா கிடையாது. மறியல் செய்தார்கள், கைதானார்கள். 2009-ல் பிரான்சு நாட்டு மிஷ்லின் டயர் கம்பெனி 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு அரசோடு கையெழுத்துப் போட்டு, அந்த இடத்தில் 290 ஏக்கரில் ஆலை கட்டியது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வளர்ந்த நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஓர் அமைப்பு, பன்னாட்டுக் கம்பெனிகள் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டி, பிரான்சு நாட்டுச் சங்கங்களின் துணையோடு 2012-ல் பாரிசில் உள்ள அரசு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். நம் தாலுகாவிலிருந்து பாரிசு வரைக்கும் ஒரு மனு போனது என்பதே பெரிய விஷயம். ஆனால் அந்த விதிமுறை யோசனை மாதிரிதான், கட்டுப்படுத்துகிற சட்டம் இல்லை. நடுவர் கிடையாது, இழப்பீடு விதிக்கும் அதிகாரம் கிடையாது. சமரசம் ஏற்படாமலே முடிந்தது. ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் வாக்குறுதி இருந்தது. ஒன்றுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி கிடைத்தது, மற்றதற்குக் காகிதம் கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் நம் நாட்டை விரும்புவதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே போன்ற வழக்குகளில் அடிபட்ட பிறகு இந்தியா 2016, 2017-ல் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளோடு இருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ள நோட்டீஸ் கொடுத்தது. அதற்குப் பிறகும் ஃபாக்ஸ்கான் மாதிரிக் கம்பெனிகள் இங்கே பெருகத்தான் செய்தன. எனக்குத் தெரிந்தவரை பூட்டைவிட வரப்புக்குத்தான் வேகம் அதிகம்.

டயரிலேயே வரப்பைப் பாருங்கள். கேரள ரப்பர் விவசாயியைக் காக்க, இறக்குமதி ரப்பருக்கு 25 சதவீதம் வரை வரி. ஆசியான் ஒப்பந்தத்திலும் ரப்பரை விட்டுக் கொடுக்கவில்லை. டயருக்கோ அதைவிடக் குறைவுதான், தாய்லாந்து போன்ற ஒப்பந்த நாடுகளிலிருந்து வந்தால் அதற்கும் கீழே. ஆக, மூலப்பொருளுக்கு வரி அதிகம், முழுச் சரக்குக்குக் குறைவு. டயர் கம்பெனிக்காரர்கள் இது தலைகீழ் என்று வருஷா வருஷம் மனுக் கொடுக்கிறார்கள். ரப்பர்க்காரர்கள் விடாதே என்கிறார்கள். விவசாயி பக்கம் நிற்கிறவன் என்ற முறையில் நான் ரப்பர்க்காரர் கட்சி. ஆனால் ஆலைக்காரன் கணக்கும் பொய்யில்லை.

விவசாயி பேச்சு எடுபட்ட இடமும் உண்டு. சீனா உள்படப் பதினைந்து நாடுகள் சேர்ந்த பெரிய ஆசிய ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேருவதாக இருந்தது. நியூஜிலாந்து பால் பவுடர் வந்து கொட்டினால் நம் பால் சங்கங்கள் என்ன ஆகும் என்று நாடெங்கும் எதிர்ப்பு. 2019 நவம்பர் 4-ந் தேதி பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. அதனால்தான் ஆலைகள் வியட்நாமுக்குப் போகின்றன என்று இன்றைக்கும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர் அதற்கு என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு புது மாதிரி. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்ற நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து வருஷத்தில் 10,000 கோடி டாலர் முதலீடும், பத்து லட்சம் பேருக்கு வேலையும் வர முயற்சி எடுப்பதாக அவர்கள் அதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வராவிட்டால் நாம் கொடுத்த வரிச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். இதுவரை வரப்பை மட்டும் பேசினோம், இப்போது விளைச்சலுக்கும் கணக்கு எழுதுகிறார்கள். பாலை இதில் சேர்க்கவில்லை. எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பெரியவரைக் கார்த்திகையில் மறுபடி பார்த்தேன். இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப தரகருக்கே தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார். கம்பெனி பெயர் என்ன, எந்தச் சரக்கு, அந்தச் சரக்குக்கு இன்றைக்கு வரி எவ்வளவு, சிப்காட்டின் நில எடுப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தரகரிடம் கேட்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பக்கம் வரவில்லையாம்.

அரை ஏக்கரிலும் பதியன் வைத்துவிட்டார். நாலடிக்கு நாலடி இடைவெளி, குழிக்கு மக்கிய தொழுவுரம். தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்திருக்கிறார். வளர்ந்த மல்லித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்ய மறக்காதீர்கள். வெட்டிய குச்சியை வயலிலேயே போட்டுவைக்க வேண்டாம். அடுத்த வாரம் மல்லியில் மொட்டுப்புழு பற்றிப் பேசுவோம். வணக்கம்.